கூலி நம்பர் எழுபதாயிரத்துச் சொச்சம்: போளூர்ப் பக்கம் ஏழு நாள்

ஆகஸ்ட் 4, திங்கள். எழும்பூர்

டர்பனிலிருந்து வந்திருக்கும் அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. துணைக்கு மகன். இருவருக்கும் தமிழ் என்றால் சாமி பாட்டும் சாப்பாட்டுப் பெயர்களும்தான். கையில் இரண்டு தாள்: 1898-இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய ஒரு கணவன் மனைவியின் பதிவு நகல். அவர்கள் அக்காவின் முன்னோர். அவர்கள் எந்த ஊரிலிருந்து போனார்கள் என்று தேடத்தான் இந்த ஏழு நாள்.

எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் இட்லியும் வடகறியும். அக்கா ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் சர்வர் தமிழிலேயே பதில் சொன்னார். "மூஞ்சப் பாத்தா நம்ம ஜனம்தான், புரியும்" என்று அவருக்கு நம்பிக்கை. மூன்று பேருக்கு 260 ரூபாய்.

1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் போய் நின்றதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அங்கே கூலி நம்பர் என்பார்கள். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. கல்யாணம், முதலாளி மாற்றம், சாவு என்று பிற்பாடு வந்த காகிதங்களிலும் அந்த எண்ணே தொடரும். அதனால் தேடலைப் பெயரில் தொடங்கக் கூடாது, எண்ணில் தொடங்க வேண்டும். டர்பன் வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையத்தில் இந்தக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன.

தாளில் உள்ள கட்டங்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். தாணா என்பதைச் சென்னைப் பட்டியல்களில் தாலுகா என்றே படிக்கலாம். இவருடையதில் பெயர் 'மூன்சாமி', தகப்பன் 'கூப்பன்', வயது 24, ஜில்லா வட ஆற்காடு, தாணா 'போலூர்'. கிராமத்தின் பெயர் 'ச'வில் தொடங்கி 'பட்' என்று முடிகிறது. ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் முழுப் பெயரை இங்கே எழுதவில்லை.

மூன்சாமி என்றால் முனுசாமி, கூப்பன் என்றால் குப்பன். கோவெண்டர் கவுண்டர் ஆவார், மூட்லி முதலி ஆவார். ஆங்கில எழுத்தைக் கண்ணால் படிக்காமல், இந்தப் பக்கத்து ஆள் ஒருவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி அதைக் காதால் பிடிப்பதுதான் வழி. இன்னொரு பொறியும் உண்டு. அக்கா குடும்பத்தில் இன்று எல்லோருக்கும் குடும்பப் பெயர் மூன்சாமி. அது குடும்பப் பெயரே இல்லை. கப்பலேறியவரின் சொந்தப் பெயரை அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் பிள்ளைகளுக்கும் பின்னால் ஒட்டிவிட, அதுவே உறைந்துபோயிற்று. இது தெரியாமல் 'மூன்சாமி குடும்பம்' எங்கே என்று தமிழ்நாட்டில் தேடினால் தெருவுக்குப் பத்து கிடைக்கும்.

இவர்கள் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். தங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு காகிதம் என்று பின்னோக்கிப் போயிருக்கிறார்கள்: பிறப்பு, கல்யாணம், இறப்பு, அப்புறம் கப்பல். இடையில் ஒரு கண்ணிகூட 'பாட்டி சொன்னாங்க' என்பதோடு நிற்கவில்லை. பெரும்பாலோர் மேலிருந்து தொடங்குகிறார்கள், ஏதாவது ஒரு ராஜாவிடமிருந்து. அந்தக் குடும்ப மரம் ஒருபோதும் கீழே வந்து சேராது.

பிற்பகல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கிய சிவப்புக் கட்டடம். உள்ளே வெயில் தெரியவில்லை. ஆராய்ச்சி அறைக்கு அடையாள அட்டையும் அறிமுகக் கடிதமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்னென்ன கடிதம் தேவை என்று புறப்படும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். வந்து நின்று கேட்டால் பாதி விடுமுறை அதிலேயே போய்விடும். இங்கே பெயர் சொல்லித் தேட முடியாது. துறை, அரசாணை எண், தேதி என்று எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வெளியே வரும். ஆகவே முதல் நாள் முழுக்க அட்டவணைத் தொகுதிகளோடுதான் கழியும். அதை வீண் என்று நினைக்கக் கூடாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள் கிடைக்குமா என்று மகன் கேட்டார். இங்கிலாந்துக்காரர்கள் அதை வைத்துத்தான் குடும்ப மரமே வரைகிறார்கள். இந்தியாவில் அந்த வழி அடைப்பு. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுவாரித் தாள்களை யாருக்கும் காட்ட மாட்டார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். எழும்பூர்

சென்னை மாகாணத்தின் தாலுகாவாரிக் கிராமப் பட்டியலில் போளூர்ப் பக்கங்களை வரி வரியாகப் படித்தோம். 'ச'வில் தொடங்கிப் 'பட்டு' என முடிகிற ஊர்கள், குமாஸ்தா காதில் அப்படி விழுந்திருக்கக் கூடியவை, எல்லாமாக நான்கு. இன்றைய வரைபடத்தில் நான்கும் ஒரே தாலுகாவில் இல்லை. வட ஆற்காட்டிலிருந்து 1911-இல் சித்தூர் பிரிந்தது, 1989-இல் திருவண்ணாமலை, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். போளூர்த் தாலுகாவுமே சிறுத்துவிட்டது. பழைய தாலுகா எல்லையை இன்றைய வரைபடத்தின் மேல் பென்சிலால் வரைந்துகொள்ளாமல் காரில் ஏறினால் ஊர் தாண்டி ஊர் அலைய வேண்டிவரும்.

நான்கை எப்படிக் குறைப்பது? மனைவியின் தாளை எடுத்தோம். அடுத்த எண், வயது 19, வேறு கிராமம். அந்தப் பெயரில் தாலுகாவுக்கே ஓர் ஊர்தான். மாட்டு வண்டிக் காலத்தில் பெண் கொடுத்து எடுப்பது பெரும்பாலும் ஒரு பகல் நடைத் தூரத்துக்குள். அந்த ஊரை மையமாக வைத்து இருபது கிலோமீட்டருக்கு வட்டம் போட்டதும் இரண்டு ஊர் வெளியே போயிற்று. மிச்சம் இரண்டு. கணவன் பக்கத்தை மட்டும் தேடுகிறவர்கள் இந்த வட்டத்தை இழக்கிறார்கள்.

மாலை நல்ல இடி மழை. எழும்பூர் சுரங்கப்பாதைப் பக்கம் முழங்கால் தண்ணீர். தாள்கள் நனையவில்லை, செருப்பு ஒன்று போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன். போளூர்

காலை பத்து மணிக்கே 36 டிகிரி. வழியெங்கும் மல்லாட்டைக் கொல்லை. இங்கே வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். வேகவைத்தது படி 40 ரூபாய் என்றார் ஒரு பாட்டி. பணம் வாங்கிக்கொண்டு, மேலே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

கிராம நிர்வாக அலுவலர் இளைஞர், பொறுமைசாலி. முதலில் கேட்கவேண்டியது 'அ' பதிவேடு. புல எண், பழைய புல எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இணையத்தில் கிடைப்பதும் இதன் இன்றைய நிலைதான். அதற்குப் பின்னால் போக, நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டில் பழைய எண்ணைப் பிடிக்க வேண்டும். 1979-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் உட்பிரிவு எண்கள் ஏராளமாக மாறின. அங்கிருந்து இன்னும் பின்னால், வெள்ளைக்காரர் காலத்தில் தீர்வை நிர்ணயித்து எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடு. இன்றைய எண்ணோடு நேரே செட்டில்மெண்ட் பதிவேட்டைத் திறந்தால் அடுத்தவன் கொல்லையில்தான் போய் நிற்போம்.

வருஷத்தைப் படிப்பது தனிக் கலை. வருவாய்க் கணக்கு பசலி என்ற ஆண்டுக் கணக்கில் ஓடும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஜூலை வரும். பசலி 1295 என்றால் 1885 ஜூலை முதல் 1886 ஜூன் வரை. தெற்கே கொல்லம் ஆண்டு என்றால் 824-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆகஸ்ட் வரும். ஓலையிலும் பத்திரத்திலும் தமிழ் வருஷப் பெயர் வரும். அது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்புவதால் மட்டும்தான் குழப்பம். தாது வருஷம் 1876, 1936, 1996. முனுசாமிக்கு 1898-இல் 24 வயது. வயதைக் குமாஸ்தா கண்ணால் பார்த்து மதிப்பிட்டிருந்தாலும், தாது வருஷப் பஞ்சத்துக்குச் சற்று முன் பிறந்து அதைத் தாண்டி வந்த குழந்தை அவர்.

முதல் ஊர் பழைய ஜாகீர் கிராமம் என்று தெரிந்தது. இதுதான் பலர் முட்டிக்கொள்ளும் சுவர். ஜமீனும் ஜாகீரும் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிக்குள், அதாவது குடியானவன் நேரே அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டும் முறைக்குள், வந்தன. அதற்கு முன் குடியானவன் பெயர் அரசாங்கக் கணக்கில் கிடையாது, ஜமீன் கணக்கில்தான். அந்த நோட்டு எங்கே போயிற்று என்பது ஜமீன் குடும்பத்துக்கே தெரிந்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது ஊர் ரயத்துவாரி. செட்டில்மெண்ட் பதிவேட்டில் குப்பன் என்று மூன்று பட்டாதாரர்கள் இருந்தார்கள். அக்கா முகம் மலர்ந்தது. அவசரப்படக் கூடாது. பட்டா வைத்திருந்தவன் பிள்ளை கடல் தாண்டிக் கூலிக்குப் போனதும் உண்டு, ஆனால் போனவர்களில் பலருக்கு நிலமே இல்லை. காகிதம் நிலத்தின் பின்னால் போகிறது. நிலம் இல்லாதவன் பெயர் வருவாய்க் கணக்கில் வராது, அதனால் அந்தக் குடும்பம் அந்த ஊரில் இல்லை என்று ஆகிவிடாது. செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் தாழ்த்தப்பட்டவர்களுக்காக வந்த பஞ்சமி நில ஒப்படைப்பு, குடியிருப்பு மனைகளுக்கான நத்தம் பதிவு, தேவாலயப் பதிவேடு, தோட்டத்துக் கணக்கு, இந்த நான்கிலும் பார்க்காமல் கைவிடக் கூடாது.

'நீங்க எந்தத் தெரு?' என்று டீக்கடையில் கேட்டார்கள். கேள்வியின் அர்த்தம் அக்காவுக்குப் புரியவில்லை. தாளில் சாதிக் கட்டம் இருக்கிறது, மறைக்கவும் வேண்டாம், அதைக் காட்டிக்கொண்டே நுழையவும் வேண்டாம். எங்கள் பழக்கம் வருஷத்தையும் பெயரையும் முதலில் சொல்வது. டீ 12 ரூபாய், காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன். ஒரு சார்பதிவாளர் அலுவலகம்

சர்வர் படுத்துவிட்டது. பதினொன்றரை வரை பெஞ்சு. பிறகு 'நாளைக்கு வாங்க'. பிறகு, அக்கா எங்கிருந்து வந்திருக்கிறார் என்று கேட்ட ஓர் எழுத்தர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் டிபன் பாக்ஸிலிருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பங்கு வைத்தார். வேலை மூன்று மணிக்குத்தான் நடந்தது.

இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல்தான் பார்க்கலாம். அதற்கு முன்னால் என்றால் கையால் தேடி எடுக்க விண்ணப்பம் போட வேண்டும். கிராமம், புல எண், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்று குறுக்கிக் கொடுத்தால் ஆள் மனமுவந்து தேடுவார். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் நான்கு அட்டவணை உண்டு. முதலாவது ஆட்களின் பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. நம் வேலைக்கு முதலாவது. மூன்றாவது உயில்களுக்கு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதைப் பிறருக்குக் காட்ட மாட்டார்கள். அவர் இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் நகல் தரச் சட்டத்தில் இடமுண்டு. தாத்தாவின் பதிவு செய்த உயிலை 'வாரிசு இல்லையே' என்று கேட்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

பத்திரம் கிடைத்தால் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். செக்குபந்தியைப் படிக்க வேண்டும். 'இன்னார் மகன் இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் பாகத்துக்கு வடக்கு' என்று நான்கெல்லையில் வருகிற பெயர்கள் பெரும்பாலும் பங்காளிகள். ஒரே நிலம் உடைந்து உடைந்துதான் அக்கம்பக்கம் ஆகியிருக்கும். எல்லாவற்றிலும் உயர்ந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரே தாளில் மூன்று தலைமுறை இருக்கும். பெண்கள் பெயர் வேண்டுமென்றால் விடுதலைப் பத்திரம். சகோதரிகள் உரிமையை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைக்கும் அந்த இடத்தில்தான் பல வீடுகளில் அவர்கள் பெயர் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறுகிறது.

இன்று எடுத்தது 1931-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினை ஒன்று. மூன்று குப்பன்களில் ஒருவரின் பேரன்கள் பிரித்துக்கொண்டது. அதில் 'எங்கள் சிறிய தகப்பனார் தேசாந்திரம் போய்த் தகவல் இல்லாதபடியால்' என்று ஒரு வரி. பெயர் இல்லை. மகன் அந்த வரியை ஏழெட்டுப் படம் எடுத்தார். ஒன்று போதும். ஆனால் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பின்பக்க முத்திரை மூன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆவண எண்ணும் வருஷமும் இல்லாத படத்தை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எந்த அலுவலகத்தில் எடுத்தது என்றே தெரியாது.

பழைய பிறப்பு இறப்புப் பதிவேடும் பார்த்தோம். கிராம முன்சீப் எழுதியது. 'ஆண்', தகப்பன் பெயர், தேதி. குழந்தைக்குப் பெயர் இல்லை. அப்போது வைக்கவில்லை, பிறகு யாரும் வந்து சேர்க்கவில்லை. பெயரைக் கொடுத்துத் தேடி 'இல்லை' என்ற சான்றோடு திரும்புகிறவர்கள் தகப்பன் பெயரையும் உத்தேச வருஷத்தையும் கொடுத்தால் கிடைத்துவிடும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுப் பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொட்ட பிள்ளைக்கு வாத்தியார் போட்ட தேதி அது. ஊரே மே, ஜூனில் பிறந்திருக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி. சேத்துப்பட்டு, பிறகு திருவண்ணாமலை

பஞ்சகாலத்தில் பிரெஞ்சு மிஷனரி தராஸ் பணிசெய்த ஊர் சேத்துப்பட்டு. லூர்து அன்னை கோவில் தூரத்திலிருந்தே தெரியும். முனுசாமி கிறிஸ்தவர் அல்ல, என்றாலும் மனைவியின் ஊரிலிருந்து பலர் இங்கே வந்து ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள் என்று போளூரில் சொன்னதால் வந்தோம். அவர்கள் வீட்டுப் பெயர் எதுவும் அகப்படவில்லை.

கத்தோலிக்கப் பதிவேடு பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய பக்கங்கள் லத்தீனில் இருக்கும், ஆனால் நாலைந்து சொல் தெரிந்தால் போதும். மகன், மகள், தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் என்று எல்லாம் ஒரே வரிசையில்தான் வரும். ஓரக் குறிப்பை விடக் கூடாது. 1908 முதல், ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்று விதி. அந்த ஓரத்திலிருந்து அடுத்த ஊர் கிடைக்கும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வெள்ளி ஞாயிறு தவிர்த்துப் போவது மரியாதை. நாங்கள் போனது வெள்ளி. அவர் முகம் சுளிக்கவில்லை.

இரவு தங்கத் திருவண்ணாமலை. பௌர்ணமி என்பதை யாரும் காலண்டரில் பார்க்கவில்லை. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்கு நான்கு கிலோமீட்டர் முன்னாலேயே கார் நின்றுவிட்டது. வழக்கமாக 1,000 ரூபாய் அறை 3,200. அதுவும் இல்லை. அக்கா பெட்டியை மகன் தலையில் வைத்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். அதிகாலை மூன்றரைக்கு ஒரு மடத்துத் திண்ணையில் இடம் கிடைத்தது. யாரோ ஒரு அம்மா சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி. இரண்டாவது ஊர்

தூக்கமில்லாத கண்ணோடு போய் இறங்கியதும் வெயில் 37. அந்த 1931 பத்திரத்துக் குடும்பத்தின் வீடு. பெரியவருக்கு எண்பத்தேழு. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்றார்.

பெரியவர்களிடம் 'உங்க தாத்தாவுக்குத் தாத்தா பேர் என்ன' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'யார் செத்தா உங்களுக்குத் தீட்டு?' என்று கேட்க வேண்டும். பங்காளிகள் யார் யார் என்று மளமளவென்று வந்துவிடும். 'உங்க அப்பாவுக்குக் கொள்ளி வெச்சது யாரு, உங்க ஆயா எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, அந்த ஊர்ல உங்களுக்கு மாமன் முறை யாரு' என்று போக வேண்டும். வருஷம் கேட்காமல் புயல், பஞ்சம், தேர்தல் என்று கேட்க வேண்டும். வயதான பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள். பக்கத்தில் பேத்தியை உட்காரவைத்தால் அவள் சொல்வாள். போனில் பதிவு செய்வதானால் அனுமதி கேட்டு, தேதியையும் ஊரையும் யார் பேசுகிறார் என்பதையும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

பெரியவரின் வீட்டில் குப்பன், முனுசாமி, குப்பன், முனுசாமி என்று மாறி மாறி வருகிறது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைச் சுமப்பவன். ஆகவே நோட்டில் பெயரை மட்டும் எழுதினால் இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் மனைவி பெயரும் அவள் ஊரும் சேர்த்து எழுத வேண்டும். அதே வரியிலேயே யார் சொன்னது, எந்தக் காகிதம் என்பதையும்.

பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கினார்கள். வாய்விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து: 'மு. குப்பன், விகாரி, தை'. புளி போட்டுத் தேய்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. அக்கா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். விகாரி என்றால் 1899, 1959, 2019. 1899 என்றால் முனுசாமி கப்பலேறி அப்போதுதான் ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும்.

ஆனால் 1899-ஆக இருக்காது என்றே தோன்றுகிறது. இந்தப் பக்கத்துக் கிராமத்தான் அந்தக் காலத்தில் தன்னை 'முனுசாமி மகன் குப்பன்' என்று சொல்வானே தவிர, ஒற்றை எழுத்து இனிஷியல் போடும் வழக்கம் பள்ளிக்கூடத்தோடும் வாக்காளர் பட்டியலோடும் பரவியது. 'தை'யில் ஐகாரம் எப்போதும்போலத்தான் இருக்கும், அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது. 'லை', 'ணை', 'னை' போன்ற எழுத்து இருந்து, அது பழைய கொம்போடு இருந்திருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆகவே 1960 தை மாதம், யாரோ ஒரு கல்யாணச் சீர். பெரியவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'எங்க அண்ணன் கண்ணாலத்துக்கு எடுத்ததுதான்' என்றார். மகன் முகம் தொங்கிவிட்டது.

அண்டாவை விட உருப்படியானது அடுத்து வந்தது: அதே கல்யாணத்து மொய் நோட்டு. ஊர்வாரியாக எழுதியிருந்தது, தலைப்பில் ஊர்ப் பெயர், கீழே ஆள், தொகை. இரண்டு ரூபாய், ஒன்றேகால், ஐந்து. எந்தெந்த ஊரோடு கொண்டான் கொடுத்தான் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் எந்த ஆபீஸிலும் இல்லை. முனுசாமியின் மனைவி ஊரிலிருந்து பதினொரு பெயர். அதாவது 1898-இல் பெண் எடுத்த ஊரோடு 1960-லும் உறவு இருந்திருக்கிறது. இது நிரூபணம் ஆகாது, ஆனால் மூன்று குப்பன்களில் இந்தக் குப்பன் பக்கம் தராசு சாய்கிறது. மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதகம், பாத்திரத்து எழுத்து, இவற்றை முதல் நாளே வீட்டில் கேட்டுவிட வேண்டும். பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடும் வரிசையில் முதலில் நிற்பவையும் இவைதான்.

டி.என்.ஏ. சோதனை செய்தால் தீர்ந்துவிடுமே என்றார் மகன். செய்யலாம். ஆனால் மாமன் மகள், அத்தை மகள் என்று பல தலைமுறை கட்டிய குடும்பங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வழியில் உறவு இருக்கும். தூரத்து உறவும் கிட்டத்து உறவுபோலக் கணக்குக் காட்டும். சோதனை நிறுவனம் சொல்லும் 'இரண்டாம் வரிசைச் சகோதரர்' என்பதை ஒரு படியாவது தள்ளித்தான் படிக்க வேண்டும். பெரியவரிடம் எச்சில் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. குலதெய்வக் கோவில்

ஆடிக் கூழ். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. அக்கா மூன்று சொம்பு குடித்தார். டர்பனில் அவர்கள் வீட்டருகே மாரியம்மன் கோவிலிலும் கூழ் ஊற்றுவார்களாம், ஆனால் இந்தப் புளிப்பு அங்கே வராதாம்.

கோவிலில் படிக்கட்டு, மணி, டியூப் லைட் என்று எங்கும் உபயம் எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் படம் எடுப்பது பலன் தரும். ஊரை விட்டுப் போனவர்கள்தான் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடுவார்கள். ஆனால் இங்கே பார்க்கவேண்டியது தலைக்கட்டு நோட்டு. வரி கொடுக்கும் ஆண் தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருக்கும். பையனுக்குக் கல்யாணம் ஆனதும் தனி வரியாகப் பிரியும், தகப்பன் இறந்ததும் கோடு விழும். வருஷ வரிசையில் புரட்டினால் வம்சமே பிரிவது தெரியும். பெண் பிள்ளை இதில் கிடையாது, கட்டிக்கொண்டு போன ஊர்க் கோவில் நோட்டிலும் புருஷன் பெயரில்தான் இருப்பாள். அந்தக் குறையை மொய் நோட்டைக் கொண்டுதான் அடைக்க வேண்டும்.

இந்தக் கோவிலில் நோட்டு 1962-இலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தையதைச் செல் அரித்துவிட்டது. தேசாந்திரம் போன சிறிய தகப்பனார் அதற்குள் வர வழியே இல்லை.

அக்கா இந்த வருஷத்துத் தலைக்கட்டு வரி 500 ரூபாயை நீட்டினார். நோட்டு எழுதுகிறவர் வாங்கிக்கொண்டு, பேனாவைத் திறந்து, "இனிஷியல்?" என்றார். அக்கா தன் அப்பா பெயரைச் சொன்னார். மகன் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா பெயரைச் சொன்னார். எண்பத்தேழு வயதுப் பெரியவர், "கு போடு" என்றார். எழுதுகிறவர் பெரியவரை ஒருமுறை பார்த்தார், நேற்று நாங்கள் எழுதிய தாளை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தலைக்கட்டு நோட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டு, நன்கொடை ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"காகிதம் வரட்டும்க்கா. வந்ததும் அதுல ஏத்திக்கலாம்."

ரசீது எண் 47. பெயருக்கு முன்னால் இனிஷியலுக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார்.